'ஃபாரஸ்ட் வியூ'வுக்கு தனி காசு: கச்சிபவுலி டூ பிஹெச்கே, ரெண்டு வருஷம் இருந்துட்டு எழுதுற ரிவ்யூ

ஹைதராபாத்துக்கு வேலை மாத்திட்டு வர்ற நம்ம ஆளுங்க அடிக்கடி வீடு எங்க பாக்கலாம்னு கேக்குறீங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி முடியல, அதான் இங்க மொத்தமா எழுதிடுறேன். அப்பார்ட்மெண்ட் பேரு மட்டும் கேக்காதீங்க, என் டெபாசிட் இன்னும் அவங்க கைல தான் இருக்கு.

கச்சிபவுலி பக்கம், 11-வது மாடி, டூ பிஹெச்கே. வாடகை 38,000, மெயின்டனன்ஸ் 4,500 தனி. மொதல்ல நல்லத சொல்லிடுறேன். மூணு லிஃப்ட், மூணும் ஓடும் (இந்த ஊர்ல இது பெரிய விஷயம்). ஐடி கம்பெனிங்க இருக்குற ஃபைனான்சியல் டிஸ்ட்ரிக்ட் போக பைக்ல 15 நிமிஷம். மஞ்சீரா ஆத்து தண்ணி வரும்னு சொல்லி தான் குடுத்தாங்க, வரும், ஆனா ஏப்ரல் மே வந்தா டேங்கர் தான், அந்த காசு நம்ம தலைல தான் விழும். கீழ கடைல தோசை மாவு கிடைக்கும், புளிப்பே இருக்காது, வாங்கி ஒரு ராத்திரி வெளிய வெச்சிருங்க.

இப்போ மேட்டருக்கு வர்றேன். இதே பில்டிங்ல ரோட்ட பாத்த ஃபிளாட் 34,000. எனக்கு 4,000 ஜாஸ்தி, ஏன்னா பால்கனி 'ஃபாரஸ்ட் வியூ'. 2023 ஆகஸ்ட்ல பாக்க வந்தப்போ புரோக்கர் பால்கனி கதவ தள்ளி தொறந்து காட்டுனாரு, எதிர்ல பச்சையா புதரும் மரமும், நடுநடுவுல யாரோ அடுக்கி வெச்ச மாதிரி பாறைங்க, 250 கோடி வருஷத்து கிரானைட்டாம். "சார், இது பூரா கவர்மெண்ட் லேண்டு, யூனிவர்சிட்டி லேண்டு, எவனும் ஒரு செங்கல் வெக்க முடியாது, லைஃப் லாங் வியூ"ன்னாரு. நான் நம்பிட்டேன். அதே மாசம் தான் பக்கத்துல கோகாபேட்ல ஒரு ஏக்கர் 100 கோடிய தாண்டி ஏலம் போச்சு, அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும். வாடகைக்கு வர்றவன் ஃபிளாட்டுக்கே வில்லங்கம் பாக்க மாட்டான், வியூவுக்கு எங்க போய் பாக்குறது?

ஆனா வில்லங்கம் அந்த வியூல தான் இருந்துச்சு. காஞ்சா கச்சிபவுலி, சர்வே நம்பர் 25, 400 ஏக்கர். 1974-ல ஹைதராபாத் யூனிவர்சிட்டி ஆரம்பிச்சப்போ ஒதுக்குன கிட்டத்தட்ட 2,300 ஏக்கர்ல இதுவும் சேத்தின்னு யூனிவர்சிட்டி பக்கம் சொல்றாங்க, பட்டா எங்க பேருல தான்னு அரசாங்கம் சொல்லுது. 2003-ல சந்திரபாபு நாயுடு ஆட்சில ஐஎம்ஜி பாரதான்னு ஒரு ஸ்போர்ட்ஸ் கம்பெனிக்கு குடுத்தாங்க, 2006-ல ஒய்எஸ்ஆர் (ராஜசேகர ரெட்டி) ஆட்சி கேன்சல் பண்ணுச்சு, கம்பெனி கோர்ட்டுக்கு போக, கேஸ் பதினெட்டு வருஷம் ஓடி 2024 மே மாசம் சுப்ரீம் கோர்ட்ல அரசாங்கம் ஜெயிச்சுது. அந்த கேஸ் நடந்த வரைக்கும் எவனும் உள்ள கை வெக்கல, அதுல தான் காடு நல்லா வளந்துருச்சு. ஜெயிச்ச கையோட நிலம் டிஜிஐஐசிக்கு போச்சு, அதாவது தெலங்கானாவோட சிப்காட். அவங்க இத ஈடா காட்டி பாண்ட் போட்டு கிட்டத்தட்ட 10,000 கோடி தெரட்டிட்டாங்க. விவசாயி கடன் தள்ளுபடிக்கும், விவசாயிக்கு உதவித்தொகை குடுக்குற ரைத்து பரோசா திட்டத்துக்கும் தான் அந்த காசு போச்சுன்னு அரசாங்கம் சொல்லுது. அடுத்து ஏலம் போட்டு ஐடி பார்க். நான் மாசாமாசம் 4,000 கட்டி ரசிச்ச மரம் ஏற்கனவே அடகுல இருந்துருக்கு பாருங்க.

ரெவின்யூ ரெக்கார்டுல இந்த நிலத்துக்கு என்ன பேரு தெரியுமா, 'காஞ்சா அஸ்தபல் போரம்போக்கு'. காஞ்சான்னா மேய்ச்சல் நிலம், அஸ்தபல்னா குதிரை லாயம், போரம்போக்கு நம்ம புறம்போக்கே தான். நம்ம ஊர்ல ஒருத்தன திட்டுறதுக்கு வெச்சிருக்கோமே அதே வார்த்தை. கணக்குல இல்லாததுன்னு எழுதி வெச்சிட்டா அதுல மயில் இருந்தாலும் கணக்குல வராது போல.

2025 மார்ச் 30 யுகாதி. மறுநாள் ரம்ஜான், லீவுன்னு வீட்டுல தான் இருந்தேன். சாயங்காலம், மரம் வெட்டுறத தடுக்க போன யூனிவர்சிட்டி மாணவர்கள போலீஸ் பிடிச்சு வேன்ல ஏத்துறாங்கன்னு வாட்ஸ்ஆப்ல வந்துச்சு, ராத்திரி பால்கனிக்கு வந்தா காட்டுக்குள்ள கிரிக்கெட் மேட்ச் மாதிரி லைட்டு, வரிசையா ஜேசிபி. அந்த சத்தத்த விடுங்க, மயில் கத்துனது தான் இன்னும் காதுல இருக்கு. சாதாரணமா காலைல அஞ்சு மணிக்கு ஒண்ணு அகவும், கொஞ்சம் கழிச்சு தூரத்துல இன்னொண்ணு பதில் குடுக்கும், அவ்ளோ தான். அன்னைக்கு மொத்தமா, நிறுத்தாம, பதில் எல்லாம் இல்ல. என் வைஃப் கதவ சாத்திட்டு டிவி சவுண்ட ஏத்தி வெச்சா. ரெண்டு நாள் கழிச்சு எங்க ஸ்டில்ட் பார்க்கிங்ல ஒரு பெண் மயில் யாரோ கார் பானெட்டு மேல உக்காந்துருந்துச்சு, ஆள் கிட்ட போனாலும் பறக்கல, வாய தொறந்து மூச்சு வாங்கிட்டு அப்படியே.

அதுக்கு முன்னாடி தான் முதலமைச்சர் ரேவந்த் ரெட்டி அங்க புலியும் இல்ல மானும் இல்ல, தடுக்குற குள்ளநரிங்க தான் இருக்குன்னு பேசினாரு. புலி இல்ல தான், ஆனா புள்ளி மான நானே பாத்துருக்கேன், நட்சத்திர ஆமையும் உண்டு. நடுவுல இந்த காட்ட அழிக்கிற மாதிரி ஏஐல செஞ்ச படம் வேற சுத்துச்சு, அத ஷேர் பண்ண ஐஏஎஸ் அதிகாரிக்கே நோட்டீஸ். உண்மையே போதுமான அளவுக்கு இருக்குறப்போ எதுக்குடா பொய் படம், கேஸ கெடுக்கவா?

ஏப்ரல் 3 சுப்ரீம் கோர்ட் கேஸ தானா எடுத்து எல்லாத்தயும் நிறுத்துச்சு. அதுக்குள்ள கிட்டத்தட்ட 100 ஏக்கர் காலி. மூணு நாள் லீவுல அப்படி என்ன அவசரம்னு கேட்டாங்க, அப்புறம் நீதிபதி கவாய், மரத்த திரும்ப கொண்டு வர பிளான் குடுக்கலேன்னா அங்க இருக்குற ஏரிக்கு பக்கத்துலயே தற்காலிக ஜெயில் கட்டி அதிகாரிங்கள போட வேண்டி வரும்ங்கற அளவுக்கு போயிட்டாரு. இதுக்கு அடிப்படை எது தெரியுமா, நம்ம நீலகிரி கூடலூர் காட்டுக்காக கோதவர்மன்ங்கறவர் போட்ட கேஸ், 1996 தீர்ப்பு. ரெக்கார்டுல யாரு பேரு இருந்தாலும், அகராதி அர்த்தத்துல காடா இருந்தா அது காடு தான்னு சொன்னது. கூடலூர்ல போட்ட வேலி இங்க வந்து நிக்குது.

நான் முழுசா மரத்து பக்கம் தான், ஆனா எங்க வாட்ச்மேன் அண்ணன் கிட்ட மட்டும் ஜெயிக்க முடியல. நாகர்கர்னூல் பக்கத்து ஆளு. அவரு தம்பிக்கு பேங்க்ல ஒன்னேகால் லட்சம் கடன், தள்ளுபடில போயிருச்சு. "இந்த பாறைய வித்து எங்க ஊர் கடன் அடைஞ்சா என்ன சார் தப்பு"ன்னு கேட்டாரு. நான் பெரிய இவனாட்டம், "நகைய அடகு வெச்சா மூட்டுக்கலாம் அண்ணா, மரத்த வெட்டிட்டா எப்படி மூட்டுறது, அடுத்த வருஷம் திரும்ப கடன் வரும், அப்போ எத விப்பீங்க"ன்னேன். அவரு கேட்ட பூட்டிக்கிட்டே "அடகு வெக்க நகை இருக்குறவங்க பேசுறது சார் இது"ன்னாரு. நான் லிஃப்ட் பட்டன அமுக்கிட்டு பேசாம வந்துட்டேன். அதுவுமில்லாம கோர்ட் ஏலத்த நிறுத்துச்சே தவிர பாண்ட் வட்டிய நிறுத்தல, அத தெலங்கானாகாரன் கட்டித் தான் ஆகணும், பால்கனில காபி குடிக்கிற நான் இல்ல. இன்னொண்ணும் சொல்லிடுறேன், இந்த அப்பார்ட்மெண்ட் நிக்கிற எடமும் ஒரு காலத்துல இதே பாறை தான், அஸ்திவாரத்துக்கு வெடி வெச்சு ஒடச்சதுன்னு அதே அண்ணன் தான் சொன்னாரு.

சரி, சர்வீஸுக்கு வர்றேன். அக்ரிமெண்ட் புதுப்பிக்க போனப்போ, வியூ பாதி போச்சே, 4,000-த்த கொறைங்கன்னு கேட்டேன். ஆபீஸ்ல இருந்த பையன் சிரிக்காம சொன்னான், "இல்ல சார், இப்போ ஓபன் வியூ, ஐடி பார்க் வந்தா சிட்டி வியூ, அதுக்கு இன்னும் டிமாண்டு." மரம் இருந்தாலும் காசு, இல்லேன்னாலும் காசு. வாடகை 5 பர்சண்ட் ஏத்தி அனுப்புனாங்க. நான் காலி பண்ணிட்டேன். மழைக்கு அப்புறம் வெட்டுன எடத்துல புல்லும் புதரும் மொளச்சு தூரத்துல இருந்து பாக்க பச்சையா தான் தெரிஞ்சுது, பாறை மட்டும் ஒரு பக்கம் வெளுத்து கெடந்துச்சு.

வீட்டுக்கு மூணு ஸ்டார். பால்கனிக்கு நான் ஸ்டார் போடல, அது அவங்க குடுத்தது இல்ல. இதுக்கு அப்புறமும் பாக்க போறீங்கன்னா காலைல அஞ்சரைக்கு முன்னாடி போங்க, புரோக்கர் வர மாட்டான், வாட்ச்மேன் அண்ணன் கிட்ட என் பேர சொன்னா மேல விடுவாரு. ஸ்டில்ட்ல பி-14 பார்க்கிங் குடுத்தா மட்டும் வாங்காதீங்க, மழைல கணுக்கால் தண்ணி நிக்கும்.