இந்தியாவின் எல்.ஓ.சி. கடன்: எதற்கு ஏற்றது, எங்கே சிக்கும்?

அண்டை நாடுகளையும் ஆப்பிரிக்காவையும் அணைத்துக்கொள்ள டெல்லி கையாளும் பொருளாதாரக் கருவிகளில் உருப்படியானது, எக்ஸிம் வங்கி (இந்திய ஏற்றுமதி-இறக்குமதி வங்கி) வழியாகத் தரும் 'லைன் ஆஃப் கிரெடிட்' (எல்.ஓ.சி.), அதாவது இந்தியப் பொருளும் சேவையும் வாங்க வெளிநாட்டு அரசுக்குத் திறந்துவிடும் கடன் வரம்பு. நிபந்தனைகளில் குறை சொல்ல முடியாது. 2017-ல் வங்கதேசத்துக்கு ஒதுக்கிய 450 கோடி டாலருக்கு வட்டி 1 சதவீதம். 20 ஆண்டுத் தவணை, முதல் 5 ஆண்டு அசல் கட்டத் தேவையில்லை.

பணம் கடன் வாங்கும் அரசின் கைக்கே போகாது. சரக்கை ஏற்றிய இந்திய நிறுவனம் பில்லையும் கப்பல் ஆவணங்களையும் தன் வங்கியில் கொடுக்கும். எக்ஸிம் வங்கி இங்கேயே பணத்தைத் தந்துவிட்டு, அந்த அரசின் கணக்கில் பற்று எழுதும். வெளிநாட்டு அரசு தவணை தவறினாலும் ஏற்றுமதியாளரிடம் திருப்பிக் கேட்க மாட்டார்கள். இதுதான் இதன் பெரிய பலம். ஏஜென்ட் கமிஷனை மட்டும் இந்தக் கடனிலிருந்து எடுக்க முடியாது. ஏற்றுமதியாளர் விலை குறிக்கும்போதே அதை நினைவில் வைக்க வேண்டும்.

சிக்கல் 75 சதவீத விதியில். ஒப்பந்த மதிப்பில் அவ்வளவும் இந்தியப் பொருளாகவோ சேவையாகவோ இருக்க வேண்டும். தண்டவாளம், சிக்னல், ரயில் பெட்டி, மின்மாற்றி, பம்ப் என்றால் சுலபம். சாலை போடுவதென்றால் ஜல்லி, மண், கூலி எல்லாம் உள்ளூரில்தான். மீதமுள்ள 25 சதவீதத்துக்குள் அது அடங்காது. கட்டுமானம் மிகுந்த வேலைகளுக்குத் தளர்வு உண்டு, ஆனால் அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும், மாதங்கள் ஓடும்.

வேகம்தான் பெரிய குறை. விண்ணப்பம் தூதரகம், வெளியுறவு அமைச்சகம், நிதி அமைச்சகம் என்று நகர்ந்து எக்ஸிம் வங்கிக்கு வரும். பிறகு ஒப்பந்தம், டெண்டர். திட்ட அறிக்கை அரைகுறையாக இருந்தால், நிலம் கையகப்படுத்தாமல் கையெழுத்துப் போட்டால், டெண்டரில் விலை எகிறும், மறு டெண்டர் வரும். அறிவிப்பு நாளில் கிடைத்த நல்ல பெயர் அதற்குள் கரைந்துவிடும்.

இலங்கையில் இரண்டு முகமும் தெரிந்தது. 2022 நெருக்கடியில் எரிபொருளுக்கு எக்ஸிம் வங்கி திறந்த 50 கோடி டாலர் சட்டென்று வேலை செய்தது. வாங்கி இறக்கும் சரக்குக்கு டி.பி.ஆர். (விரிவான திட்ட அறிக்கை) எதற்கு? இதே வகைக் கடனில் சீரமைத்த வடக்கு ரயில் பாதை பொறுமை கேட்ட வேலை. ஆனாலும் 2014 அக்டோபரில் யாழ்தேவி ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது கிடைத்த மதிப்பை எரிபொருள் கப்பல் தராது.

கடன் கேட்கும் அரசு, நிலமும் அனுமதிகளும் கையில் வந்தபின் கையெழுத்திடுவது நல்லது. பணம் எடுக்கக் கடைசித் தேதி உண்டு.