பழைய வீடா, பில்டர் பிளாட்டா: விற்பவர் எதைச் சொல்லியே ஆக வேண்டும்?

அக்காவுக்காகத் தாம்பரம் பக்கம் வீடு தேடியபோது ஒரு தனி வீட்டில் கீழ்த்தளச் சுவர்களுக்கு மட்டும் இடுப்பளவில் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். "பொங்கலுக்கு அடிச்சோம்" என்றார் உரிமையாளர். வெளியே வந்ததும் எதிர்வீட்டு அம்மா, "2015 டிசம்பர்ல தண்ணி படியேறி உள்ள போச்சுப்பா" என்றார். சதுர அடி விலையைத்தான் அதுவரை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து, விற்பவர் எதைச் சொல்லக் கடமைப்பட்டவர் என்று பார்க்க ஆரம்பித்தோம்.

பழைய வீட்டுக்குப் பொருந்துவது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 55-ஆவது பிரிவுப்படி, சொத்திலோ உரிமையிலோ முக்கியமான குறை இருப்பது விற்பவருக்குத் தெரிந்திருந்தால் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைப்பது மோசடி என்றே அந்தப் பிரிவு சொல்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் குறைக்கு இந்தக் கடமை கிடையாது. கண்ணுக்குத் தெரியும் விரிசல் உங்கள் பொறுப்பு. பூசி மறைத்த விரிசல் அவர் பொறுப்பு. வெள்ளம் வந்த தெரு? அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கலாமே என்று அவர் தரப்பு வாதிட இடமுண்டு. இன்னொன்று, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரைதான் இந்தப் பிரிவு பொருந்தும். "உள்ளது உள்ளபடி" என்று ஒரு வரி இருந்தால் பாதுகாப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

பதிவான ஆவணத்தில் இருப்பது உங்களுக்குத் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் சொத்தின் மேல் பதிவானவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றை (ஈசி) பார்க்காமல் இருக்கவே கூடாது. அதேசமயம், ஈசி சுத்தமாக இருக்கிறது என்பதோடு நிம்மதி அடையவும் முடியாது. பதியாத உயிலும் கையெழுத்துப் போடாத வாரிசும் அதில் தெரிய மாட்டார்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே, இந்துக் குடும்பங்களில் அப்போது மணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு வந்துவிட்டது. 2005 திருத்தம் எல்லா மகள்களுக்கும் அதை விரிவாக்கியது. "தங்கச்சிங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்ற வாய்வார்த்தையை நம்பாமல், பங்கை விட்டுக்கொடுத்து அவர்கள் எழுதும் விடுதலைப் பத்திரத்தைக் கேளுங்கள். சொத்து முன்பு கைமாறியதைக் காட்டும் அசல் தாய்ப்பத்திரத்தையும் கையில் வாங்கிப் பாருங்கள்.

பில்டரிடம் புது பிளாட் வாங்கினால் 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டம், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், நம் பக்கம் நிற்கிறது. நாம் கேட்பதற்கு முன்பே நில உரிமை, வில்லங்கம், அனுமதி பெற்ற வரைபடம், கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பு) எல்லாவற்றையும் அவர் ரெரா ஆணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். விளம்பரத்தில் பொய் சொல்லியிருந்தால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். அக்ரிமென்ட் பதியாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. சாவி கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். நில உரிமையில் குறை இருந்து நஷ்டப்பட்டால், இழப்பீடு கேட்கக் காலக்கெடுவே கிடையாது. இத்தனையையும் பழைய வீட்டுக்காரரிடம் எதிர்பார்க்க முடியாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. எனக்குப் பெரிய கவலை அதைப் பற்றித்தான். சென்னையில் ஒரு கிரவுண்டில், அதாவது 223 சதுர மீட்டரில், ஆறு பிளாட் கட்டி விற்கிறார்களே, அந்த வகை. நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டவில்லை, வீடுகள் எட்டைத் தாண்டவில்லை. எனவே ரெரா பதிவு தேவையில்லை. பிளாட் பளபளவென்று புதிது, ஆனால் ஆணையத்தில் தாக்கலான விவரம் எதுவும் இருக்காது. நாமேதான் தோண்டிப் பார்க்க வேண்டும். மூன்றில் எதை எடுப்பது என்று கேட்டால் இதைக் கடைசியில்தான் வைப்பேன். தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவில் இருக்கும் பழைய வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்திலாவது விசாரிக்கலாம்.

நம் கிரயப் பத்திரங்களில் "எவ்வித வில்லங்கமும் இல்லை, பின்னால் தெரியவந்தால் என் சொந்தச் செலவில் தீர்த்துத் தருகிறேன்" என்று வழக்கமாக எழுதுவார்கள். உரிமைக்கு அது போதும். மொட்டைமாடி ஒழுகல், சுவர் ஓதம், போர் தண்ணீர் உப்பு, பக்கத்து வீட்டோடு மதில் தகராறு, வீட்டுக்குள் வெள்ளம் இதெல்லாம் அந்த வரியில் அடங்காது. இந்த ஐந்தையும் கேள்வியாக ஒரு தாளில் எழுதி, பதிலைக் கையெழுத்தோடு வாங்கி, விற்பனை ஒப்பந்தத்தோடு இணைக்க முடிவுசெய்தோம்.

இடுப்பளவு பெயின்ட் அடித்த வீட்டில், "இதெல்லாம் யாரும் எழுதித் தர மாட்டாங்க" என்று புரோக்கரே மறுத்துவிட்டார். இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீடு. அங்கிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக எழுதினார்: போர் தண்ணீர் கோடையில் உப்பு, 2015-ல் ஹாலில் ஒரு அடி தண்ணீர், பிறகு தரையை உயர்த்தினோம், பின்பக்க அறையில் ஒழுகல் உண்டு. அந்த ஒழுகலைச் சரிசெய்யும் செலவை விலையில் குறைத்துக்கொண்டார். அக்கா இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.