பதிவேட்டைக் கேட்பதா, வீட்டு வாசலில் கேட்பதா?

எந்த மாவட்டத்தில் பிள்ளைகள் பள்ளியைத் தவறவிடுகிறார்கள் என்று பார்க்க இந்தியாவில் இரண்டு வழிகள் உண்டு: மத்தியக் கல்வி அமைச்சகத்தின் யுடைஸ் பிளஸ் டேஷ்போர்டு, பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் நடத்திவரும் அசர் கணக்கெடுப்பு.

யுடைஸ் பிளஸ் பள்ளிப் பதிவேட்டிலிருந்து வருவது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, நகரம், கிராமம் எல்லாம் அடக்கம். மாவட்டம் வரை இறங்கி, பெண்கள், பட்டியலினத்தவர் என்று பிரித்தும் பார்க்கலாம். ஆனால் அதில் எல்லோரும் முதலில் பார்க்கும் மொத்தச் சேர்க்கை விகிதத்தைத்தான் (பள்ளியில் சேர்ந்தவர்களை அந்த வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்த சதவீதம்) நான் கடைசியில் பார்ப்பேன். சில இடங்களில் அது 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். வயது கடந்து படிப்பவர்களும் எண்ணிக்கையில் வருகிறார்கள். பக்கத்து மாவட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகளும் இங்கேதான் சேர்கிறார்கள். வகுக்கும் மக்கள்தொகையோ 2011 கணக்கெடுப்பிலிருந்து நீட்டிப் போட்ட மதிப்பீடு. பச்சை நிறத்தில் மின்னும் மாவட்டத்தைப் பார்த்து மகிழ்வதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொரு பள்ளம், வருடங்களை ஒப்பிடுவதில் இருக்கிறது. 2021-22இல் சுமார் 26.5 கோடியாக இருந்த சேர்க்கை, அடுத்த ஆண்டு 25.2 கோடி ஆனது. அத்தனை பேரும் படிப்பை விட்டுவிட்டார்களா? அப்படிச் சொல்ல முடியாது. 2022-23 முதல் ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாகப் பதிகிறார்கள். எண்ணும் முறையே மாறிவிட்டது. பெயர் இருந்தால் ஆள் வருகிறார் என்றும் ஆகிவிடாது. 2023இல் பீகாரில் தொடர்ந்து வராத 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் பெயர்களை நீக்கினார்கள்.

அசர் வீட்டுக்கே போகிறது. மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பிள்ளையும் கண்ணில் படும். 2024இல் பள்ளியில் சேராத 15-16 வயதினர் நாட்டின் கிராமப்புறங்களில் 7.9 சதவீதம், மத்தியப் பிரதேசத்தில் அந்த வயதுப் பெண்களில் மட்டும் சுமார் 16. இந்த இடைவெளிக்காகவே நான் அசரைத் திறப்பேன். நகரம் அதில் கிடையாது. 600 வீட்டை வைத்து வட்டாரம் பற்றிப் பேசவும் முடியாது.

சரி, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் போதுமா? ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து செங்கல் சூளைகளுக்குப் போகும் குடும்பங்கள் அறுவடைத் திருவிழாவான நுவாகாய் முடிந்ததும் கிளம்பும். பதிவேட்டில் எண்ணிக்கை எடுக்கும் அடிப்படை நாள் நெடுங்காலமாக செப்டம்பர் 30 ஆக இருந்தது. அன்று பிள்ளை ஊரில் இருந்தாலும், சில வாரங்களில் சூளையில் இருக்கும். அசர் ஆள் வரும்போது வீடு பூட்டியிருக்கலாம்.