நிலை உராய்வுக் கணக்கு: கூறாக்குவதா, உராய்வுக் கோணமா?

நிறையைத் தளத்தின் வழியேயும் அதற்குச் செங்குத்தாகவும் பிரிப்பது கூறாக்கல்; எந்தக் கோணத்தின் தான்சன் (tan) நிலை உராய்வுக் குணகத்துக்குச் சமமோ அதுவே உராய்வுக் கோணம். வன்னியில் உயர்தரப் பௌதிகவியலைத் தொடங்கும் மாணவர் பலர் இந்த இரு வழிகளுக்கிடையே தடுமாறுவதால், இரண்டையும் ஒரே கணக்கில் பார்ப்போம். உழவு இயந்திரப் பெட்டியில் சாத்திய பலகை கிடையுடன் 30 பாகை சாய்ந்திருக்க, அதில் 50 கிலோகிராம் நெல் மூட்டை கிடக்கிறது. நிலை உராய்வுக் குணகம் 0.6, புவியீர்ப்பு ஆர்முடுகல் 10. மூட்டை வழுக்குமா?

வேகம்:
உராய்வுக் கோணம்: தான்சன் 30 பாகை ஏறத்தாழ 0.58; அது 0.6 இலும் குறைவாதலால் வழுக்காது. திணிவே தேவையில்லை.
கூறாக்கல்: பலகை வழியே நிறையின் கூறு 250 நியூற்றன், பலகை செங்குத்தாகத் தரும் செவ்வன் மறுதாக்கம் 433, உராய்வு எட்டக்கூடிய உச்சமான எல்லை உராய்வு 260 என மூன்று படிகள் வேண்டும்.

தெளிவு:
கூறாக்கலே மேல். உராய்வு விசை 260 அன்று, மூட்டையை நிறுத்தத் தேவையான 250 மட்டுமே என்பதை அது கண்முன் வைக்கிறது. பொருள் வழுக்கும் தறுவாயில், அதாவது எல்லைச் சமநிலையில், மட்டும் பொருந்தும் ‘உராய்வு = குணகம் × செவ்வன் மறுதாக்கம்’ என்ற சமன்பாட்டை எங்கும் பிரயோகிப்பதே, என் கணிப்பில், மாணவர் அதிகம் புள்ளி இழக்கும் இடம்.

ஆகவே தொடக்கநிலை மாணவரும் உராய்வின் பருமன் கேட்கும் வினாவும் கூறாக்கலையே நாட வேண்டும். கிடைத்தளத்தில் பொருளை எத்திசையிலும் இழுத்து நகர்த்தலாம் எனில் தேவைப்படும் மிகக் குறைந்த விசையைக் கேட்டால், நிறையை உராய்வுக் கோணத்தின் சைனால் பெருக்கி ஒரே வரியில் முடிக்கலாம்.