பெப்பர் ஜெல்லி, கிரீம் சீஸ், ரிட்ஸ்: கூட்டணி தேறுமா?

அடுப்பே பற்றவைக்காமல் விருந்து மேசைக்கு வந்துவிடும் ஒரு தட்டு அமெரிக்கத் தென் மாநிலங்களில் உண்டு. ஒரு கட்டி கிரீம் சீஸ், அதன் தலையில் பெப்பர் ஜெல்லி எனும் இனிப்பான மிளகாய் ஜெல்லி, சுற்றிலும் ரிட்ஸ் மாதிரி உப்பு பிஸ்கட். அவ்வளவுதான். இனிப்பு, புளிப்பு, காரம் மூன்றும் ஒரே வாயில். மாங்காய்ப் பச்சடி தின்று வளர்ந்த நாக்குக்கு இது புதிதே இல்லை.

சீஸில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பிலடெல்பியா கிரீம் சீஸ் வெள்ளிக் காகிதம் சுற்றிய 226 கிராம் கட்டியாகவும் வரும், டப்பாவிலும் வரும். (பேர்தான் பிலடெல்பியா; பிறந்தது நியூயார்க் மாநிலத்தில்.) கட்டியை வாங்குங்கள். டப்பாவில் இருப்பது ரொட்டியில் தடவ இளக்கப்பட்டது. தட்டில் வைத்தால் உருவம் நிற்காது, ஜெல்லியும் உள்ளே இறங்கிக் கலங்கிவிடும். காற்றடித்த 'விப்ட்' ரகம் இன்னும் மோசம். கொழுப்பு குறைத்த நியூஷாட்டெல் சீஸ் பரவாயில்லை, சற்றுச் சீக்கிரம் தளரும்.

ஜெல்லி என்றதும் சைவர்கள் ஜெலட்டினோ என்று தயங்க வேண்டாம். குடைமிளகாய், ஹாலப்பீனோ மிளகாய், வினிகர், சர்க்கரை சேர்த்துப் பெக்டினால் உறைய வைப்பதுதான் வழக்கம். பெக்டின் பழத்திலிருந்து வருவது. ஆனாலும் லேபிளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். முக்கியமாக வினிகர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறும் ஜாம் மாதிரி திகட்டும். 'ஹாட்' என்று எழுதியிருந்தாலும் நம் கணக்கில் அது காரமே இல்லை. அரை டீஸ்பூன் இடித்த மிளகாய் கலந்தால் சரியாகும். ஜெல்லி கிடைக்காத ஊரில் அரை கப் ஆப்ரிகாட் ஜாம், ஒரு டீஸ்பூன் வினிகர், அரை டீஸ்பூன் இடித்த மிளகாய், ஒரு சிட்டிகை உப்பு போதும்.

கட்டியை அரை மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்து வையுங்கள். குளிர் விடாத சீஸைத் தடவினால் ரிட்ஸ் கையிலேயே நொறுங்கும். அதில் வெண்ணெய்ப் பதம் அதிகம், உடம்பில் வலு கிடையாது. தடவக் கத்தி வைக்கிறவர்களுக்கு டிரிஸ்கிட் என்ற கெட்டியான கோதுமை பிஸ்கட் தாங்கும், ஆனால் ரிட்ஸின் உப்பும் மொறுமொறுப்பும் அதில் வராது. என் ஓட்டு ரிட்ஸுக்கே.

அரை கப் ஜெல்லியை முள்கரண்டியால் நன்றாகக் குலைத்து, பரிமாறப் பத்து நிமிடம் முன்பு மேலே விடுங்கள். சூடாக்க வேண்டாம், உருகி வழிந்து தட்டில் குளமாகும். முன்னாலேயே ஊற்றி வைத்தாலும் சர்க்கரை ஈரத்தை இழுத்து ஓரத்தில் நீர் விடும். அதனால் விளிம்புள்ள தட்டு நல்லது. வறுத்துப் பொடித்த பீகன் பருப்பு இரண்டு டேபிள்ஸ்பூன் தூவினால் கடிக்க ஏதாவது இருக்கும்.

பிஸ்கட் ஒன்றுக்கு ஒரு டீஸ்பூன் சீஸ் என்றால் ஒரு கட்டி நாற்பது, நாற்பத்தைந்து பிஸ்கட்டுக்கு வரும். அழகுக்காக ஒவ்வொன்றிலும் தடவி அடுக்கி வைக்காதீர்கள், கால் மணி நேரத்தில் பிஸ்கட் நமத்துப்போகும். அடுக்கியே ஆக வேண்டுமென்றால் முதலில் சீஸை ஓரம் வரை பூசி, ஜெல்லியைக் கடைசியில் நடுவில் மட்டும் வையுங்கள். ஜெல்லி பிஸ்கட்டைத் தொடக் கூடாது.

தட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைக்காமல் கொட்டிவிடுங்கள்.