கண்ணாடிப் பஞ்சில் போன 38,400 ரூபாய்: ஷீட் கூரை போட்டவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கழுத்தும் முழங்கையும் இன்னும் அரிக்கிறது. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்குக் கடைசியில் பத்து விஷயம் சொல்லலாம் என்று இருக்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மார்த்தாண்டம் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் ட்ரஸ் அடித்து ஷீட் போட்டு, 5 மெஷின் வைத்துத் தையல் நடத்துகிறேன். 20 அடிக்கு 30 அடி, மொத்தம் 600 சதுர அடி. சித்திரை வெயிலில் மதியம் 12 மணிக்கு மேல் அங்கே உட்கார முடியாது, அயர்ன் பாக்ஸ் இல்லாமலே துணி தேய்த்துவிடலாம். உடன் தைக்கிற பிள்ளைகள் 3 மணிக்கே தலைவலி என்று கிளம்பிவிடுவார்கள். அதனால் கூரைக்கு அடியில் சூட்டைத் தடுக்க கிளாஸ் வூல், அதாவது கண்ணாடிப் பஞ்சு கொடுக்கலாம் என்று யோசித்தேன்.

நாம் ஒரு பொருளைத் தேடி நம்பரைப் பதிந்தால், பத்து வியாபாரிகள் வரிசையாகப் போன் அடிப்பார்களே, அப்படிப்பட்ட ஒரு ஆன்லைன் தளம். அதில் பதிந்தேன். வந்த அழைப்புகளில் கோயம்புத்தூர், சென்னை, கொச்சி என்று எல்லாம் தூரத்துக் குரல். ஒரே ஒருவன்தான் "எக்கா, நான் கருங்கல்தான், நாளைக்கே வந்து பாக்கேன்" என்றான். கருங்கல் எங்களுக்குப் பக்கத்து ஊர். பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சை முத்திரை வேறு.

சொன்னபடி வந்தான். சைட் பார்க்க வருகிறவர்கள் செருப்போடு மாடி ஏறுவார்கள், இவன் படியிலேயே கழற்றி வைத்தான். கையில் ஒரு சாம்பிள் துண்டு: மஞ்சள் பஞ்சு, ஒரு பக்கம் பளபளவென்று அலுமினியம் ஃபாயில், அழுத்தினால் கெட்டியாகத் திருப்பி எழும்பியது. லைட்டரைக் கொளுத்திப் பஞ்சில் பிடித்தான். பற்றவில்லை. போனில் அமெரிக்காக்காரர்கள் மரச்சட்டச் சுவருக்குள் ரோஸ் நிறப் பஞ்சைச் சொருகுகிற வீடியோவைக் காட்டி, "அங்க வீடு, ஆபீஸ், கடை எல்லாத்துக்கும் இதுதாங்க்கா" என்றான். அது உண்மைதான். அங்கே சுவர் இடைவெளிக்கு ஏற்ற அளவில் வெட்டியே வரும், மூன்றரை இஞ்ச் சுவருக்கு ஆர்-13 என்று, சூட்டை எவ்வளவு தடுக்கும் என்கிற அளவு பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும். நமக்குச் சுவர் செங்கல், அதனால் கூரைக்கு மட்டும் போதும் என்றான். அதுவும் சரிதான். இவன் சொன்னதில் முக்கால்வாசி சரி, அதனால்தான் மாட்டிக்கொண்டேன்.

அம்மா கட்டங்காப்பி போட்டுக் கொடுத்தாள். "எந்த வீடு மக்கா?" என்று கேட்டாள். அவன் ஏதோ சொல்ல, அம்மாவுக்கு அவன் பாட்டியைத் தெரிந்த மாதிரி இருந்ததாம். போகும்போது, "ஒண்ணும் பேடிக்காண்டாம் எக்கா, நான் இங்கதான இருக்கேன்" என்றான். பயப்பட வேண்டாம் என்பதை எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்ன அந்த 'பேடிக்காண்டாம்' தான் என்னைக் கவிழ்த்தது. சென்னைக்காரன் "டோன்ட் ஒர்ரி மேடம்" என்றிருந்தால் நான் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

சதுர அடிக்கு 64 ரூபாய், பொருள், கோழி வலை, கூலி எல்லாம் சேர்த்து. 600 அடிக்கு 38,400. 50 மி.மீ. தடிமன், 24 டென்சிட்டி, ஒரு பக்கம் ஃபாயில் என்று வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் அனுப்பினான். அட்வான்ஸ் 20,000 போனிலேயே போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, அன்றைக்கே முடிப்பதாகச் சொன்னான். எனக்குக் குலசேகரத்தில் ஒரு பால்காய்ச்சு வீடு, போயே ஆக வேண்டும். சாயங்காலம் 7 மணிக்குத் திரும்பினால் வேலை முடிந்திருந்தது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் கூரை முழுக்க வெள்ளி மாதிரி மின்னியது. 5 ரோல் கொண்டுவந்து 4 ரோலில் முடித்துவிட்டதாகவும், மீதி ஒன்றை ஸ்பேராக நானே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னான். மாடிப்படிக்கு அடியில் பிரிக்காத ரோல் ஒன்று நின்றது. சும்மா ஒரு ரோல் கிடைத்த சந்தோஷத்தில் மீதி 18,400-ஐயும் போட்டுவிட்டேன். தேங்க்ஸ் வேறு சொன்னேன்.

மூன்றாம் நாளே மெஷின் மேல் மினுமினுவென்று பொடி. போன் செய்தேன். "புது வேலைதானக்கா, ஒரு வாரத்துல அடங்கிரும்." அடங்கவில்லை. வைகாசிக் கல்யாணத்துக்குத் தைத்துக் கொடுத்த பட்டு பிளவுஸை ஒரு பெண் திருப்பிக் கொண்டுவந்து, முதுகு சிவக்கச் சொறிந்துகொண்டே என்னைத் திட்டினாள். லைனிங்கைத் திருப்பி வெயிலில் பிடித்தால் ஊசி ஊசியாகக் கண்ணாடி இழை. 15 வருடத் தொழிலில் அப்படி ஒரு அவமானம் எனக்கு வந்ததில்லை. பிளவுஸ் காசையும் துணிக்காசையும் கொடுத்து அனுப்பினேன், அது இந்த 38,400-இல் சேராது.

ஜூன் மழை பிடித்ததும் அடுத்தது. ஒரு மூலையில் பஞ்சு தண்ணீரைக் குடித்து, வயிறு மாதிரித் தொங்கி, வலையோடு பிய்ந்து கட்டிங் டேபிளில் விழுந்தது. நனைந்த சாக்கு நாற்றம். ஷீட்டில் ஸ்க்ரூ ஓட்டை ஒழுகியது எங்கள் கோளாறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பஞ்சு ஏற்றுவதற்கு முன் ஒழுகலைப் பார்ப்பது வேலை செய்கிறவன் பொறுப்பு இல்லையா? "ஷீட் போட்டவன்கிட்ட கேளுங்க, காஞ்சா சரியாயிரும்" என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு மெசேஜ் எல்லாம் நீல டிக்கோடு நிற்கிறது, பதில் இல்லை.

கத்தாரில் ஏசி டக்ட் வேலை பார்க்கிற என் தம்பியை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே எக்கா" என்று முதலில் ஏசிவிட்டு, மீதி ரோலை எடை போடச் சொன்னான். பஞ்சு சூட்டைத் தடுப்பது கண்ணாடியால் இல்லையாம், இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கிற காற்றால்தானாம். நசுக்கினாலும் நனைத்தாலும் அந்தக் காற்று போய்விடும். 1.2 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம், 50 மி.மீ. தடிமன் என்றால் 0.6 கன மீட்டர். 24 டென்சிட்டி என்பது கன மீட்டருக்கு 24 கிலோ. ரோல் 14.4 கிலோ இருக்க வேண்டும். பக்கத்தில் ரப்பர் ஷீட் எடுக்கிற கடைத் தராசில் தூக்கி வைத்தேன். கவரோடு சேர்த்து 7 கிலோ 300 கிராம். பாதி! கடைக்காரர் அண்ணன் இரண்டு தடவை வைத்துப் பார்த்தார்.

அப்புறம்தான் அந்த ஸ்பேர் ரோல் கணக்கும் உறைத்தது. 600 சதுர அடி என்பது ஏறக்குறைய 56 சதுர மீட்டர். ஒரு ரோல் 12. நாலு ரோல் 48 தானே வரும்? மீதி 8 மீட்டர் எங்கே? ஏணி வைத்து ஏறி ஃபாயிலைத் தூக்கினால், சட்டத்துக்குச் சட்டம் ஒரு சாண் வெறும் ஷீட். அந்த இடங்களில் வெறும் ஃபாயில் துண்டை ஒட்டி மறைத்திருக்கிறான், ஜாயிண்டில் டேப்பே இல்லை, இழை கொட்டியது அந்த வழியாகத்தான். பஞ்சு இருந்த இடத்திலும் கோழி வலையை இழுத்துக் கட்டியதில் என் தையல் டேப்புக்கு முக்கால் இஞ்ச்தான் வந்தது, 50 மி.மீ. என்றால் இரண்டு இஞ்ச் வர வேண்டும். தினமும் பிளவுஸ் பிட் அரை இஞ்ச் குறைந்தால் கண்டுபிடிக்கிறவள் நான். 8 மீட்டரைக் கோட்டை விட்டேன்.

தளத்தில் புகார் போட்டேன். வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைப்பது மட்டும்தான் அவர்கள் வேலையாம். பச்சை முத்திரை என்றால்? போன் நம்பரைச் சரிபார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். இரண்டு நாளில் 'தீர்க்கப்பட்டது' என்று புகாரை மூடிவிட்டார்கள். யாருக்குத் தீர்ந்தது? அவன் பொருள் எடுத்ததாகச் சொன்ன மொத்தக் கடைக்குப் போனேன். பில் கேட்டார்கள். பில்லே இல்லை, வாட்ஸ்அப் கொட்டேஷன்தான். "இது எங்க சரக்குன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அடுத்த வீட்டு அக்கா புற்றுநோய் வரும் என்று பயமுறுத்த, தம்பிதான் அது வேறு, ஆஸ்பெஸ்டாஸ் என்றான். இதில் அரிப்பும் தும்மலும்தான், ஆனால் அதுவே போதும்.

பத்து விஷயம் சொல்கிறேன் என்றேன், மனசு ஓடவில்லை. ரோலை எடை போடாமல் காசு கொடுக்காதீர்கள். லைட்டர் வித்தையை நம்பாதீர்கள், மட்டமான கண்ணாடிப் பஞ்சும் பற்றாது. வேலை நடக்கும்போது கூடவே நில்லுங்கள், பால்காய்ச்சு எல்லாம் அப்புறம். ஒழுகலை முதலில் அடையுங்கள், ஜாயிண்டில் ஃபாயில் டேப் ஒட்டச் சொல்லுங்கள். கவரில் ஐஎஸ் 8183 என்கிற இந்தியத் தர எண் இருக்கிறதா பாருங்கள். ஜிஎஸ்டி பில் வாங்குங்கள், நான் வாங்கவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் 1915-க்குப் போன் போடுங்கள், நுகர்வோர் உதவி எண்.

திங்கட்கிழமை நாகர்கோவிலில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் வரை கட்டணம் இல்லையாம். வாட்ஸ்அப் கொட்டேஷனையும், பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட்டையும் பிரிண்ட் எடுத்துவிட்டேன். அந்த ஸ்பேர் ரோலையும் ஆட்டோவில் ஏற்றுவேன்.

மழை திரும்பவும் ஆரம்பித்துவிட்டது. மாடியில் போய் மெஷின்களுக்குத் தார்ப்பாய் போடணும்.