பழைய ரேடியோகிராம் ஸ்பீக்கர்: புதிது போடுவதா, பழைய சாமான் கடையில் தேடுவதா, கோன் மாற்றுவதா?

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் வீட்டு வளவில் ஐயா வாங்கி வைத்த ரேடியோகிராம் ஒன்று இருக்கிறது. ரேடியோவும் இசைத்தட்டுப் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்த பெரிய மரப்பெட்டி அது. மாலையானால் இலங்கை வானொலி கேட்க அக்கம்பக்கமெல்லாம் வந்து உட்காரும் என்று அப்பத்தா இன்றைக்கும் சொல்வார். போன வருஷம் துடைத்து எடுத்துப் போட்டுப் பார்த்தேன். உள்ளே உள்ள கண்ணாடிக் குழாய் வால்வுகள் சிவந்தன, டயல் விளக்கு எரிந்தது, ஆனால் பாட்டு கரகரவென்று வந்து பாதியில் நின்றுபோனது. பழுது 10 அங்குல ஸ்பீக்கரில். யோசனை கேட்ட மூன்று பேரும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

வழிகளுக்குப் போகுமுன் ஸ்பீக்கரை ஒருமுறை பார்த்துவிடுவோம். 1925-இல் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் காட்டிய அமைப்புதான் இன்றும். நிலைக்காந்தத்தின் நடுவில் வட்டமாக ஒரு சிறு இடுக்கு. அதற்குள் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள், அதுதான் காயில். பாட்டின் மின்சாரம் அதில் ஓடும்போது காயில் முன்னும் பின்னும் அசைகிறது, ஒட்டியிருக்கும் காகிதக் கோன் காற்றைத் தள்ளுகிறது. காயில் இடுக்கின் நடுவிலேயே நிற்கும்படி பிடித்துக்கொள்வது பின்னால் உள்ள மடிப்புத் துணி. கடைக்காரர்கள் அதை ஸ்பைடர் என்பார்கள். காந்தமும் இரும்புச் சட்டமும் எளிதில் கெடுவதில்லை. காகிதம், துணி, பசை, கம்பி, இவைதான் போகும்.

அதனால் முதலில் மின்தடையை ஓம் கணக்கில் அளக்கும் மல்டிமீட்டர். 8 ஓம் ஸ்பீக்கரில் மீட்டர் 6 அல்லது 7 காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டாலும் பதற வேண்டாம். கனெக்‌ஷன் தகட்டிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் கம்பி அசைந்து அசைந்து அறுந்திருக்கலாம். அது ஐந்து நிமிஷ சால்டரிங் வேலை. பிறகு இரண்டு கை விரல்களையும் கோனின் மேல் எதிரெதிராக வைத்து மெல்ல அழுத்துங்கள். உரசல் கேட்டால் காயில் நடுவிலிருந்து விலகியிருக்கிறது. கோனில் சின்னக் கிழிசல் மட்டும்தான் என்றால், நீர் கலந்த வெள்ளைப் பசையில் டிஷ்யூ காகிதத்தை ஒட்டினால் போதும். எனக்கு முன்பு இதைப் பார்த்த ஒரு கடையில் சட்டென்று இறுகும் பசையை விளிம்பு முழுக்கத் தடவியிருந்தார்கள். விளிம்பு ஓடுபோல விறைத்து, கோன் அசையவே முடியாமல் கிடந்தது. என் ஸ்பீக்கரிலோ காயிலே செத்திருந்தது. ஒட்டுப்போடுவதோடு முடிகிற கதை இல்லை.

இதில் கை வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. வால்வு ரேடியோவுக்குள் 250 வோல்ட்கூட இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கும் கண்டென்சரில் அது தங்கும்.

முதல் யோசனை புது ஸ்பீக்கர். எல்லோரும் சொல்வது இதுதான், எளிதும் இதுதான். வாங்கி மாட்டினேன். சத்தம் வந்தது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல. காரணம் எளிமையானது. வால்வு செட் தருவது 4, 5 வாட்தான். அதற்கென்றே அந்தக் காலத்துக் கோனை இறகுபோல லேசாகச் செய்தார்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 94 டெசிபல் வரை வரும். தடித்த ரப்பர் விளிம்பும் கனமான கோனும் உள்ள இன்றைய ஊஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர், 86-ஐ ஒட்டி நிற்கும். 8 டெசிபல் வித்தியாசம் என்றால் ஆறு மடங்கு வாட். 4 வாட் செட், முக்கால் வாட்டுக்கும் கீழே போன மாதிரி. போதாததற்கு இந்த ஊஃபர் அடைத்த பெட்டிக்குச் செய்தது. ரேடியோகிராமுக்கு முதுகு திறந்தே இருக்கும்.

ஓம் கணக்கும் பார்க்க வேண்டும். பழைய செட்டுகளில் 3, 5 ஓம் சாதாரணம். பிலிப்ஸின் சில பழைய செட்டுகளில் 800 ஓம் ஸ்பீக்கர்கூட உண்டு. அங்கே 8 ஓம் புதிதை நேரடியாகப் போடவே முடியாது. இன்னும் பழைய சிலவற்றில் நிலைக்காந்தமே இருக்காது, மின்காந்தச் சுருள்தான். அந்தச் சுருள் பவர் சப்ளையில் மின்சாரத்தைச் சீராக்கும் சோக்காகவும் வேலை செய்வதால், அதைக் கழற்றினால் செட்டே ஓடாது.

இரண்டாவது, பழைய சாமான் கடைகள் உள்ள காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. வீடுகளிலிருந்து வெளியே வந்த பர்மா தேக்குச் சாமான்களுக்கு நடுவே பழைய ரேடியோக்களும் கிடைக்கும். அதே காலத்து ஸ்பீக்கர் என்பதால் ஒலிக்கு இது பொருத்தம். ஆனால் அதுவும் அதே வயசுதான். மீட்டரைக் கையில் கொண்டுபோங்கள், விரல் சோதனையையும் அங்கேயே செய்யுங்கள், 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டெடுத்து டக் என்று கேட்கிறதா பாருங்கள். நான் வாங்கியது எல்லாவற்றிலும் தேறியது, இரண்டு மாதத்தில் காகித விளிம்பு பொடியாக உதிர்ந்தது. ஒரு ஸ்பீக்கருக்காக உருப்படியான ரேடியோவைக் கழற்றச் சொல்வதும் எனக்கு மனசு வரவில்லை.

கடைசியாகக் கோன் மாற்றினேன். இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். நம் காந்தம், நம் சட்டம் அப்படியே இருக்க, காயில், கோன், ஸ்பைடர் மூன்றும் புதிதாகின்றன. கடையில் சும்மா ‘10 இஞ்ச் கோன்’ என்று கேட்காதீர்கள். ஃபோம் விளிம்பு வைத்த கனத்த கோனைத் தருவார்கள், அந்த ஃபோம் நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் சில வருஷங்களில் மக்கிவிடும். மடிப்பு விளிம்புள்ள லேசான காகிதக் கோன், பழைய காயிலின் அதே விட்டம், அதே ஓம் என்று கேளுங்கள். பழைய காயிலையே கையில் கொண்டுபோவது நல்லது.

வேலையில் நிதானம் வேண்டியது இடுக்கைச் சுத்தம் செய்வதில். எங்கள் செம்மண் தூசியில் இரும்புத் துகள் இருக்கும், காந்தம் விடாது. ஒட்டும் பக்கம் வெளியே தெரிய மடித்த செல்லோ டேப்பை உள்ளே விட்டுச் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை மெல்லிய பட்டைகளாக வெட்டி, காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையில் சொருகினால் காயில் தானாக நடுவில் நிற்கும். பிறகு ஸ்பைடர், அப்புறம் விளிம்பு என்று ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத்தான் பட்டைகளை உருவ வேண்டும். காந்தத்தை மட்டும் கழற்றாதீர்கள். அந்தக் காலத்து அல்நிகோ காந்தம், கழற்றினால் பலம் குறைந்துவிடும்.

ஆத்தங்குடிக் கல் தரை, பளபளக்கும் சுண்ணாம்புச் சுவர், நடுவில் முற்றம். இப்படிப்பட்ட வளவில் ஒலி எங்கும் மோதித் திரும்பும். அதனால் 4 வாட்டே தாராளம், பேச்சுத் தெளிவுதான் முக்கியம். லேசான கோன் அதைக் கொடுத்தது. முகப்பில் உட்கார்ந்திருந்த அப்பத்தா, செய்தி வாசிப்பது ஒரு சொல் விடாமல் கேட்கிறது என்றார்.

திருப்பி மாட்டும்போது நான்கு திருகாணிகளையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் சட்டம் வளையும், காயில் மறுபடி உரசும்.